பின் கேட் என்று சொன்ன குரல்

இல்லை, எதுவும் எரியவில்லை. ஈயம் பற்றவைக்கிறார்கள். அந்தப் பிசின் புகைதான் அறை முழுக்க.

டெலிபோன் இலாகாவிலிருந்து இரண்டு பேர் காலையிலேயே வந்துவிட்டார்கள். நம் இரண்டு டெலிபோன் பலகைகளையும் சுவரிலிருந்து நகர்த்தி, முதுகைத் திறந்துபோட்டு வேலை செய்கிறார்கள். தனிக் கம்பியையும் பொதுக் கம்பியையும் சேர்த்துக்கொள்ள அனுமதி வந்துவிட்டது. ஒரே ஒரு தாள். மேலே முத்திரை, நடுவில் நிபந்தனைகள், கீழே கிறுக்கலாக ஒரு கையெழுத்து. இனி இரும்பு வார்க்கும் நம் ஆவடி ஃபவுண்டரியில் பேசுகிறவரின் குரல் நேராக வெளியே போகும். நடுவில் யாரும் உட்கார வேண்டாம்.

எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். "அரை மணி நேரம்மா" என்றார் மூத்தவர்.

நீ செத்து ஐந்து வருடம்.

உன் தம்பி இன்னும் நீதான் சொன்னாய் என்று நம்புகிறான். சேக்காட்டில் உன் தெருவே நம்புகிறது. அன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் நான். இது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாத ஒன்று மிச்சம் இருக்கிறது. அதை உன்னிடம் சொல்லாமல் உன் தம்பியிடம் போக முடியாது. அதனால் எழுதுகிறேன்.

*

திருநின்றவூரிலிருந்து பாசஞ்சர் வண்டியில் முதல் நாள் வேலைக்கு வந்தேன். நீ என் சான்றிதழை வாங்கிப் பார்த்தாய். தலைகீழாகப் பிடித்துக்கூடப் பார்த்தாய், வேண்டுமென்றே.

"எம்.ஏ. பட்சிட்டு இந்த ஓட்டையில கயிறு சொருவ வந்தியாமே?"

அன்றிலிருந்து என் பெயர் எம்.ஏ. உன்னைவிட நான் மூன்று மாதம் பெரியவள் என்று தெரிந்த பிறகும் அப்படித்தான். உன் அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நாற்று நட்டவர்கள். இருவரும் போன பிறகு தம்பியை வளர்த்தது நீ. நீ எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் நம் ஆபீசில் சேர்ந்தாய். அவனை ஃபவுண்டரியில் சேர்த்துவிட்டாய். "எங்க ஊட்ல ரெண்டு சம்பளம் வருது, மகாராணி மாதிரி கீறேன்" என்பாய். பல்லில் வெற்றிலைச் சிவப்பு.

ஆனால் ஹெட்போனை மாட்டியதும் உன் தமிழ் மாறிவிடும். "வணக்கம், யார் வேண்டும், சற்றுக் காத்திருங்கள்." எனக்கும் அதே பயிற்சி, அதே மூன்று வாக்கியங்கள், அதே ஏற்ற இறக்கம். ஒர்க்ஸ் மேனேஜரே உன்னை நான் என்றும் என்னை நீ என்றும் பலமுறை நினைத்துப் பேசியிருக்கிறார்.

இடது பலகை தனிக் கம்பி. அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் நம் ஆபீசையும் ஆவடி ஃபவுண்டரியையும் மட்டும் சேர்ப்பதற்காகக் கம்பெனி இலாகாவிடம் வாடகைக்கு எடுத்தது. வலது பலகை பொதுக் கம்பி. ஊர், உலகம் எல்லாம் அதில். ஃபவுண்டரிக்கும் ஒரு பொது இணைப்பு கேட்டு மனுப் போட்டிருந்தார்கள். அது ஏதோ ஒரு வரிசையில் வருடக்கணக்காகக் கிடந்தது. ஆகவே ஃபவுண்டரியில் இருப்பவர் வெளியே யாரிடம் பேச வேண்டுமானாலும் நம்மிடம் வர வேண்டும்.

ஆனால் நாம் இரண்டையும் சேர்க்கக் கூடாது. விதி சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்கியது. தனிக் கம்பியில் வந்த பேச்சைப் பொதுக் கம்பிக்குள் விடக்கூடாது. எந்தக் கருவியாலும் இணைக்கக் கூடாது. மீறினால் இரண்டும் துண்டிக்கப்படும். ஒரு வலை வேறு, இன்னொன்று வேறு. எங்கே சேரலாம், யார் சேர்க்கலாம் என்பதை இலாகா மட்டும் சொல்லும். நமக்கு முன்னால் இருந்த ஒருத்தி அவசரத்தில் இரண்டையும் பலகையின் இணைப்புக் கயிறு ஒன்றால் சேர்த்துவிட்டாளாம். ஒரு மாதம் ஆபீஸ் ஊமையாகக் கிடந்தது. அவள் வேலை போயிற்று. அதன் பிறகு இலாகாவின் இன்ஸ்பெக்டர் வந்து இடது பலகையின் கயிறுகளை வெட்டிக் குட்டையாக்கினார். ஸ்கேல் வைத்து அளந்தார். எவ்வளவு இழுத்தாலும் வலது பலகைக்கு ஒரு சாண் குறையும்.

அந்த ஒரு சாணில்தான் நாம் இருந்தோம்.

இடது காதில் ஃபவுண்டரி. வலது காதில் வெளியுலகம். ஒன்றைக் கேட்டு, அதை மூடி, மற்றதில் சொல்ல வேண்டும். பிறகு அதைக் கேட்டு, மூடி, இதில் சொல்ல வேண்டும். "அவர் இப்படிச் சொல்கிறார்" என்று தொடங்கினால் மேனேஜருக்குக் கோபம் வரும்.

"அவர் சொல்றாரு இவர் சொல்றாருன்னு நீட்டாதே. சொன்னதைச் சொல்லு. நீ கம்பி. கம்பி நடுவுல பேசாது."

ஆகவே எல்லாவற்றையும் 'நான்' என்றே சொன்னோம். ஒருநாள் அவர் வீட்டுக்குப் பேசினார். இடது காதில் அவர் சொல்வதை நீ வலது பக்கம் சொன்னாய்: "ராத்திரி சாப்பாட்டுக்கு வரமாட்டேன்." வலது காதில் வந்ததை இடது பக்கம், அதே பவ்யமான குரலில்: "வராட்டிப் போங்க. மோர்க்குழம்ப நாய்க்கு ஊத்தறேன்." வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய்.

"பாத்தியாமே. புருசனும் நானே, பொண்டாட்டியும் நானே. நாய் மட்டும்தான் பாக்கி."

அடுத்த சோதனைக்கு வந்த இன்ஸ்பெக்டர் நாம் வாயால் சேர்ப்பதை நின்று வேடிக்கை பார்த்தார். தலையைச் சொறிந்தார். "வாயால சொல்றதுக்கு விதியில தடை இல்ல" என்றார்.

"அப்ப என் வாயி இலாகாவோடதா, கம்பெனியோடதா சார்?"

அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம் முழுக்க, கதை சொல்லும் 'நான்' எழுதியவன்தானா என்று விவாதித்திருந்தோம். எனக்கு நல்ல மதிப்பெண். அந்த அறையில் தினமும் ஐம்பது முறை யாரோ ஒருவரின் 'நான்' என் பல்லைத் தாண்டிப் போயிற்று. அதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

இன்னொரு பழக்கமும் இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள். எதிர்ப்பக்கம் சில்லறைக் கேள்வி கேட்டால் நாம் மறுபடி ஃபவுண்டரியிடம் கேட்பதில்லை. லாரி எத்தனை மணிக்கு வர வேண்டும், மணலை எந்த ஷெட்டில் கொட்ட வேண்டும், இன்று விடுமுறையா. தெரிந்த பதில். நாமே சொல்லிவிடுவோம். ஒவ்வொன்றுக்கும் மூடி, திறந்து, கேட்டு, சொல்வதென்றால் பொழுது போய்விடும். கம்பி நடுவில் பேசாது என்றார் மேனேஜர். பேசியது. நேரம் மிச்சம் என்று அவரும் விட்டுவிட்டார்.

*

உருகிய இரும்பு ஒருவர் காலில் விழுந்தது. சட்டி சாய்ந்ததாம். அவர் காலில் செருப்புக்கூட இல்லை. கணுக்காலுக்குக் கீழே எதுவும் மிஞ்சவில்லை என்று உன் தம்பி வந்து சொன்னான். அவன்தான் தூக்கிப்போனான். அவன் சட்டையில் ஒட்டியிருந்தது என்ன என்று நான் கேட்கவில்லை.

பூட்ஸ் கேட்டார்கள். அவ்வளவுதான் கேட்டார்கள். தோல் பூட்ஸ், ஆளுக்கு ஒரு ஜோடி.

நகரத்திலிருந்த முதலாளியிடம் மேனேஜர் பேசினார். நீ நடுவில். நான் பக்கத்தில். முதலாளி சொன்னதை நீ சொன்னாய்: "கால் போனவனுக்குப் பூட்ஸ் எதுக்கு? இருக்கறவன் பார்த்து நடக்கட்டும்." உன் முகத்தில் ஒரு நரம்பு அசையவில்லை. குரல் வழவழப்பாக இருந்தது. முடிந்ததும் எழுந்து வெளியே போய், குழாயில் வாயைக் கொப்பளித்தாய். மறுபடியும் கொப்பளித்தாய்.

"வாய் நாறுதுமே" என்றாய்.

மறுநாள் வேலைநிறுத்தம். ஃபவுண்டரியின் முன் கேட்டில் ஆண்கள் உட்கார்ந்தார்கள். அங்கே போலீஸ் நின்றது. ஏரிப் பக்கம் இருக்கும் பின் கேட்டில் கொஞ்சம் பேர். அங்கே போலீஸ் இல்லை. மர நிழல் இருந்ததால் சாப்பாடு கொண்டுவரும் பெண்கள் அங்கேதான் வருவார்கள். ஆண்கள் முறைவைத்து வந்து சாப்பிட்டுப் போவார்கள்.

உன் ஷிஃப்ட் காலை ஆறிலிருந்து இரண்டு. என்னுடையது இரண்டு மணிக்குமேல். நான் பதினோரு மணிக்கே வந்துவிடுவேன். நீ ரயில் பிடித்து, வீட்டுக்குப் போய், கஞ்சித் தூக்கை எடுத்துக்கொண்டு பின் கேட்டுக்குப் போவாய். பதிவேட்டில் இரண்டு மணிவரை உன் கையெழுத்து. நாற்காலியில் நான். மூன்று வாரம் இப்படி நடந்தது. ஆபீசில் யாருக்கும் தெரியாது.

"என் தம்பி பசி தாங்கமாட்டான்மே. நீ கொஞ்சம் குந்திக்க" என்பாய்.

*

அன்றும் குந்தினேன்.

நீ கிளம்பிக் கொஞ்ச நேரம் இருக்கும். இடது பலகையில் விளக்கு எரிந்தது. மேனேஜர்.

"பூந்தமல்லி லாரிக்காரரைப் பிடி."

வலது பலகையில் எண் கேட்டேன். லாரிக்காரர் வந்தார். அவரை உனக்கும் தெரியும். நமக்குக் கரி, மணல் ஏற்றிவருபவர். அடிதடிக்கு ஆட்களும் வைத்திருந்தார்.

இடது காதில் கேட்டதைச் சொன்னேன். "இன்னைக்கு கேட் திறக்கணும். ஆளோட வண்டிய அனுப்புங்க."

"கும்பல் கீதேம்மா" என்றார் அவர்.

"கும்பல் கீதே" என்று இடது பக்கம் சொன்னேன். அவர் சொன்னபடியே.

பிறகு இடது காதில்: "இருந்தா ஏத்து. கை கால் போனா நான் பாத்துக்கறேன்."

என் கை வலது பக்க வாய்க்குழலில் இருந்தது. நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. மூச்சு ஒன்று, இரண்டு. எனக்குப் புரியவில்லை என்று உன்னிடம் அன்று சொன்னேன். பொய். நன்றாகப் புரிந்தது. ஒவ்வொரு சொல்லும்.

"சொன்னியா?" என்றார் மேனேஜர்.

சொன்னேன். "இருந்தா ஏத்து. கை கால் போனா நான் பாத்துக்கறேன்." பயிற்சி பெற்ற குரல். ஏற்ற இறக்கம் சரியாக இருந்தது.

இதுவரை உனக்குத் தெரியும். இதற்கு மேல்தான் தெரியாது.

லாரிக்காரர் கேட்டார்: "எந்த கேட்டும்மா? முன்னாலயா, பின்னாலயா?"

நான் மேனேஜரைக் கேட்கவில்லை. இடது பக்கம் திரும்பவேயில்லை. வாய் தானாகச் சொன்னது.

"பின் கேட்."

கரி லாரிக்கும் மணல் லாரிக்கும் நூறு முறை சொன்ன பதில். லாரி என்றால் பின் கேட். வேறு எதுவும் அந்த நொடியில் என் மண்டையில் இல்லை. நிழல் இல்லை, கஞ்சித் தூக்கு இல்லை, நீ இல்லை. லாரிக்காரர் வைத்துவிட்டார். இடது காதைக் கவனித்தேன். மேனேஜர் ஏற்கெனவே வைத்துவிட்டிருந்தார். இரண்டு பக்கமும் வெறும் இரைச்சல்.

அப்போதுதான் நீ எங்கே போயிருக்கிறாய் என்பது உறைத்தது.

திரும்பக் கூப்பிட்டேன். பூந்தமல்லி எண் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க ஆள் இல்லை. ஃபவுண்டரியைக் கூப்பிட்டேன். மேனேஜர் எடுத்தார். "சார், பின் கேட்டில பொம்பளைங்க இருப்பாங்க" என்றேன். அதுதான் அவரிடம் நான் என் சொந்த வாயால் பேசிய முதல் வாக்கியம்.

"உன்னைக் கேட்டேனா?" என்றார்.

*

நடந்ததை நீதான் எனக்குச் சொன்னாய். நாலு மணிக்கு ஆபீசுக்கு வந்தாய். புடவையில் ரத்தம். உன்னுடையது இல்லை.

லாரி நிற்கவில்லை என்றாய். ஹாரன் அடித்தான், ஆனால் மெதுவாக்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து கையைக் காட்டினார். நிறுத்திவிடுவான் என்று நினைத்திருக்கிறார். சக்கரம் ஏறியது. சோறு வாயில் இருக்கும்போதே செத்துப்போனார். மேலேயிருந்து ஆட்கள் குதித்தார்கள். சைக்கிள் செயின், கடப்பாரை, கரித்துண்டு அள்ளும் வாரி. உன் தம்பி உன்னைத் தள்ளிவிட்டுக் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். விடு என்றார்கள். விடவில்லை. வலது கையின் மேல் கடப்பாரையை இறக்கினார்கள். மூன்று முறை. மூன்றாவது முறை அடித்தபோது அவன் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது என்றாய்.

நீ தூக்கால் ஒருவனை முகத்தில் அடித்தாயாம். கஞ்சி அவன் கண்ணில். அவன் உன் முடியைப் பிடித்து மண்ணில் இழுத்தானாம்.

"யார் சொன்னதுமே?" என்று கேட்டாய்.

"மேனேஜர் சொன்னார். நான் சொன்னேன்."

"உன் வாயாலயா?"

"ஆமாம். சொல்றப்ப எனக்குப் புரியல."

நீ நாற்காலியில் உட்கார்ந்தாய். வெகுநேரம் உன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு உனக்கு நீயே சொல்வதுபோல்: "நானா இருந்தாலும் சொல்லியிருப்பேன். கம்பிதான நாம."

இன்னும் கொஞ்ச நேரம் கழித்து: "ஏன் பின் கேட்டுக்கு வந்தானுங்க? முன்னால போலீசு கீது. அதான் போல."

ஜன்னல் பக்கம் போய் நின்றேன். எஸ்டேட் சாலையில் ஒரு மாட்டுவண்டி போய்க்கொண்டிருந்தது. அது திருப்பத்தில் மறையும்வரை பார்த்தேன்.

*

விசாரணை வந்தது. தொழிலாளர் அதிகாரி ஒருவர், நீளமான மேஜை, மின்விசிறி.

லாரிக்காரர் சாட்சி சொன்னார். "கம்பெனியிலருந்து டெலிபோன் வந்துச்சி. ஒரு பொம்பளக் குரலு. ஏத்துன்னு அதுதான் சொல்லிச்சி. நான் பாத்துக்கறேன்னும் சொல்லிச்சி." சரியாக எத்தனை மணிக்கு என்று ஒருவரும் அழுத்திக் கேட்கவில்லை. "மத்தியானத்துக்கு மின்ன" என்றார். பதிவேட்டைக் கொண்டுவந்தார்கள். உன் கையெழுத்து.

மேனேஜர் ஃபவுண்டரியிலிருந்து வெளியே பேசவே இல்லை என்றார் கம்பெனி வக்கீல். பேசியிருக்கவும் முடியாது. விதி அப்படி. தனிக் கம்பிக்கும் பொதுக் கம்பிக்கும் இணைப்பு இல்லை. இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டார்கள். கயிறு எட்டாது, நானே அளந்தேன், ஒரு சாண் குறையும் என்றார் அவர். உண்மை. அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. வாயால் சேர்ப்பதைப் பற்றி அவரை யாரும் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்கிற மனிதர் இல்லை அவர்.

விதியைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்திருந்தார்கள். கண்ணாடியில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

வக்கீல் உன்னைக் கேட்டார்: "நீங்கள் யார் சொன்னதைச் சொன்னீர்கள்?"

அது உன் காதில் விழாத பேச்சு. உன் வாய் சொல்லாத பேச்சு. என் பக்கம் நீ திரும்பவேயில்லை. "நாங்க சொன்னத சொல்வோம் சார்" என்றாய்.

"அன்று யார் சொன்னது?"

"ஞாபகம் இல்ல." மேனேஜர் என்று சொன்னால் எத்தனை மணிக்கு என்பார்கள், அப்போது நாற்காலியில் யார் என்பார்கள்.

என்னையும் கேட்டார்கள், ஒப்புக்கு. "உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"என் ஷிஃப்ட் இரண்டு மணிக்கு" என்றேன்.

ஒரு பொய்யும் இல்லாத வாக்கியம். அதை முந்தின நாள் இரவே தயாரித்து வைத்திருந்தேன்.

*

விசாரணை முடிந்து சாயங்காலம் உன்னோடு சேக்காடுவரை வந்தேன். எதற்கு வந்தேன் என்று தெரியவில்லை. வழியெல்லாம் சொல்லிவிடலாம் என்றிருந்தது. ரயிலில் சொல்லவில்லை. லெவல் கிராசிங்கில் சொல்லவில்லை. உன் தெருமுனையில் பெண்கள் நின்றிருந்தார்கள். செய்தி நமக்கு முன்பே போய்விட்டிருந்தது.

முன்னால் நின்றவள், லாரி ஏறிச் செத்தவரின் மனைவி. குழாயடியில் வைத்திருந்த பித்தளைக் குடம் அவள் கையில்.

"காலைல ஆள ஏவி உட்டுட்டு மத்தியானம் கஞ்சி எத்துகினு வந்தியேடி. பாக்கறதுக்கா? எப்டி சாவறான்னு பாக்கறதுக்கா?"

நீ "இல்லக்கா" என்றாய். அந்த ஒரு சொல்தான் உனக்குக் கிடைத்தது.

குடம் உன் இடது காதில் விழுந்தது. பிறகு எல்லோரும். துடைப்பம், விறகு, கைகள். உன் முடியைப் பிடித்து ஒருத்தி தலையைக் குழாய் மேடையில் மோதினாள். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். இன்றைக்கும் யாராவது தேங்காய் உடைத்தால் எழுந்து போய்விடுகிறேன்.

நான் இரண்டு அடி தள்ளி இருந்தேன். கையை நீட்டினேன் என்று நினைக்கிறேன். ஒருத்தி என் தோளைத் தொட்டு, மரியாதையாக, மெதுவாக ஒதுக்கினாள். "நீ பட்ச்ச பொண்ணு. உனக்கும் இதுக்கும் இன்னா கீது? ஒத்தி நில்லுமா."

ஒதுங்கி நின்றேன்.

உன் வீட்டு வாசலில் உன் தம்பி நின்றிருந்தான். கையில் கட்டு, தோளிலிருந்து விரல்வரை. விரல் என்று சொல்ல இரண்டுதான் மிச்சம். பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்தினான்.

*

காதிலிருந்து சீழ் வந்தது. கம்பெனி உன்னை நிறுத்திவிட்டது. காது கேட்காதவள் டெலிபோனில் எதற்கு என்று காரணம் எழுதினார்கள். அது வேறு விதத்தில் உண்மை: அன்று அந்தப் பேச்சைக் கேட்டவள் நீ இல்லை. மூன்றாவது மாதம் ஜுரம். பெரியாஸ்பத்திரியில் தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தாய். சீழ் மூளைக்கு ஏறிவிட்டது என்றார் டாக்டர், என்னிடம், உன் எதிரிலேயே. உனக்குக் கேட்காது என்று நினைத்திருப்பார்.

வலது காதில் குனிந்து சொன்னேன். "நான் போய்ச் சொல்லிடறேன். உன் தம்பிகிட்ட. அந்தப் பொம்பளைங்ககிட்ட."

"சொன்னா உன்னியும் அடிப்பாளுங்க. ரெண்டு பேரும் வாங்கி இன்னாமே புரோஜனம்?"

"உன் தம்பி?"

"அவன் வரட்டும். நானே சொல்லிக்கறேன்."

அவன் வரவில்லை. ஒவ்வொரு நாளும் வாசல் பக்கம் பார்த்தாய். ஒன்பதாம் நாள் பார்க்கவில்லை.

சுடுகாட்டில் அவன் தூரத்தில் நின்றான். கொள்ளி வைத்தது உன் மாமா. நான் பெண் என்பதால் எல்லைவரைதான் விட்டார்கள். அங்கிருந்து பார்த்தேன். உன் தம்பி ஒரு முறைகூட அழவில்லை. அவனிடம் நடந்துபோக ஐம்பது அடி இருக்கும்.

நீ சொன்னதை நான் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் வாங்கி என்ன பயன். எவ்வளவு வசதியான வாக்கியத்தை எனக்கு விட்டுப்போனாய். ஐந்து வருடம் அதற்குள் குடியிருந்தேன். பின் கேட் என்று சொன்னது நான் என்று தெரிந்திருந்தால் அதை எனக்குக் கொடுத்திருப்பாயா? கேட்கவே விடாமல் உன்னிடமிருந்து வாங்கிக்கொண்டேன். அதுவும் ஒரு திருட்டு.

மேனேஜருக்கு ஒன்றும் ஆகவில்லை. லாரிக்காரர் சில மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தார். ஃபவுண்டரியில் பூட்ஸ் கொடுத்தார்கள். முன் கேட்டில் வரிசையாக நிற்கவைத்து, கால் அளவு கேட்காமலே கொடுத்தார்கள்.

என்னிடம் மிச்சம் இருப்பது என்ன என்று கேட்டால், இதுதான். போன வாரம் எஸ்டேட் வாசலில் ஒரு பெரியவர் நிறுத்தினார். "பூந்தமல்லி பஸ் எந்தப் பக்கம் நிக்கும்மா?" எனக்குத் தெரியும். எதிர்ப்பக்கம், மரத்தடி. வாய் திறக்கவில்லை. அவர் மறுபடி கேட்டார். கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "பாவம், பேச்சு வராது போல" என்று அவர் வேறு ஒருவரிடம் கேட்கப் போய்விட்டார். எந்தப் பக்கம் என்று யார் கேட்டாலும் இப்படித்தான். மளிகைக் கடையில், ரயிலில், தெருவில். கண்ணுக்குள் உன் தம்பி கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். நான் பதில் சொல்வதற்காக லாரி காத்திருக்கிறது.

பலகைக்குப் பின்னால் இருக்கும் இலாகா ஆள் கூப்பிடுகிறார். சேர்த்தாகிவிட்டதாம். சோதனைக்கு ஒரு வார்த்தை பேசச் சொல்கிறார். ஃபவுண்டரியில் ஒருவர், வெளியே ஒருவர், நான் நடுவில் வெறுமனே கேட்டால் போதும் என்கிறார்.

நான் போகவில்லை. இதை முடித்துக்கொண்டிருக்கிறேன்.

*

மேலே உள்ளது வெள்ளிக்கிழமை எழுதியது. ஞாயிற்றுக்கிழமை காலை சேக்காட்டுக்குப் போனேன். உன் தம்பி வீட்டில் இருந்தான். கல்யாணமாகிவிட்டது, ஒரு குழந்தை. அன்று நாற்காலியில் இருந்தது நான் என்றும், பின் கேட் என்று யாரும் சொல்லாமல் நானாகச் சொன்னேன் என்றும், நீ அப்போது ரயிலில் இருந்தாய் என்றும் சொன்னேன். அவன் குழந்தையை மனைவியிடம் கொடுத்தான். எழுந்து கதவை அகலத் திறந்தான்.

"இன்னொருக்கா சொல்லுக்கா" என்றான். "வெளிய வந்து, தெருவுக்கே கேக்கறா மாதிரி சொல்லு."

தெருவில் இறங்கி நின்று சொன்னேன்.